கைக்கு முன்னால் பாயும் கண்

2006 நவம்பர் 19, போர்ச்சுகலின் மதீரா தீவிலுள்ள ஃபுஞ்சால் நகரம். கால்பந்து ஆட்டம். மாரிதிமோ அணிக்கு எதிராக ஸ்போர்ட்டிங் லிஸ்பன் அணியின் கோல் முன்னால் நின்ற பையன் ரூயி பட்ரீசியோவுக்கு வயது 18. சீனியர் அணியில் அதுதான் முதல் ஆட்டம். அதிலேயே எதிரணிக்கு ஒரு பெனால்டி, அதாவது கோல்கீப்பர் மட்டுமே எதிரில் நிற்க உதைக்கும் வாய்ப்பு, கிடைத்தது. பட்ரீசியோ அதைத் தடுத்துவிட்டார். ஸ்போர்ட்டிங் 1-0 என்று வென்றது.

அது எவ்வளவு பெரிய காரியம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெனால்டி புள்ளிக்கும் கோல் கோட்டுக்கும் இடையே 11 மீட்டர். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் உதைத்த பந்து 0.4 நொடியில் வந்துவிடும். கண்ணில் பட்டது மூளைக்குப் போய், தசைக்குக் கட்டளை வருவதற்கே 0.2 நொடி ஆகிவிடுகிறது. மிச்சமிருக்கும் நேரத்தில் 7.32 மீட்டர் அகலமுள்ள கோலின் மூலைக்குப் பாய முடியாது. பந்து கிளம்பிய பிறகு யோசித்தால் கதை முடிந்தது.

சரி, பிறகு எப்படித் தடுக்கிறார்கள்? பந்தை அல்ல, உதைப்பவரைப் படிக்கிறார்கள். ஊன்றுகால் பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறது, இடுப்பு எவ்வளவு திரும்புகிறது என்பதெல்லாம் உதைக்குச் சற்று முன்பே வெளியே தெரிந்துவிடும். விழியசைவைப் பதிவு செய்யும் கருவியை வைத்து ஆராய்ந்தபோது, புதியவர்களின் பார்வை உதைப்பவரின் உடம்பெங்கும் அலைந்தது. தேர்ந்தவர்களோ சில இடங்களை மட்டும் நிதானமாகப் பார்த்தார்கள். கடைசி நேரத்தில் பார்வை காலிலும் பந்தருகிலும் நிலைத்தது. ரொம்ப முன்னாடியே சாய்ந்தாலும் ஆபத்துதான், உதைப்பவர் திசையை மாற்றிவிடுவார்.

கோல்கீப்பர்கள் நீண்ட காலம் ஆடுவதன் ரகசியம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வயது ஏற ஏற முதலில் தேய்வது ஓட்டவேகம். மற்ற ஆட்டக்காரர்கள் ஓர் ஆட்டத்தில் 10 கி.மீ.க்கு மேல் ஓட, கோல்கீப்பர் அதில் பாதியளவுதான் நகர்கிறார், அதிலும் பெரும்பகுதி நடை. தொடைத்தசை கிழியும் அளவுக்கான வேக ஓட்டங்கள் அவருக்குக் குறைவு. படிக்கும் கண்ணோ ஒவ்வோர் ஆண்டும் கூர்மையாகிறது.

உதைக்குச் சற்று முன் கோல்கீப்பர்கள் போடும் சின்னத் துள்ளலைக் கவனியுங்கள். கால் தரையைத் தொடும்போது கெண்டைக்கால் தசையும் குதிநாணும் இழுபட்டு, வில்லைப் போல ஆற்றலைச் சேர்த்துவைக்கின்றன. அந்தத் துள்ளல் அரை நொடி பிந்தினாலும் பயனில்லை.

ஐரோப்பிய நாடுகள் மோதும் 2016 யூரோ கோப்பையில் போர்ச்சுகலின் கோலைக் காத்த பட்ரீசியோவுக்கு 28 வயது. போலந்துக்கு எதிரான பெனால்டி மோதலில் பிளாஷ்சிகோவ்ஸ்கியின் உதையைத் தடுத்தார். இறுதிப் போட்டியின் தொடக்கத்திலேயே பிரான்சின் கிரீஸ்மன் தலையால் முட்டிய பந்தைக் கம்பத்துக்கு மேலே தட்டிவிட்டார். பிரான்ஸ் கடைசிவரை கோல் போடவே இல்லை.

அப்புறம் 2022 மே, அல்பேனியாவின் டிரானா நகரம். ஐரோப்பிய கிளப் அணிகளுக்கான கான்ஃபரன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் இத்தாலியின் ரோமா அணியின் கோலைக் காத்தபோது அவருக்கு 34 வயது. எதிரணியான ஃபெயனூர்ட்டின் மலாசியா தூரத்திலிருந்து அடித்த பந்தில் விரல் நுனி பட்டது. திசை கொஞ்சம்தான் மாறியது. பந்து கம்பத்தில் மோதி வெளியே வந்தது. ரோமா 1-0 என்று வென்றது.