டர்போ காருக்கு டியூனிங் பாக்ஸ் வாங்கும் முன்

மறுபடியும் ஒரு வண்டி வந்துவிட்டது. 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல், டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ். ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷனே இல்லை. ஹெட்டைக் கழற்றி பிஸ்டனை வெளியே எடுத்துப் பார்த்தால் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்து கிடக்கிறது. பானெட்டுக்குள் பவரைக் கூட்ட ஆன்லைனில் வாங்கி மாட்டிய டியூனிங் பாக்ஸ். "ரீமேப்தான் ரிஸ்க், பாக்ஸ் சேஃப்னு சொன்னாங்களே சார்" என்கிறார் வண்டிக்காரர். ரீமேப் என்றால் எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியுவின் மென்பொருளையே மாற்றி எழுதுவது. இதையே எத்தனை பேர் வாயால் கேட்பது!

அந்த பாக்ஸ், டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை (பூஸ்ட்) அளக்கும் சென்சாருக்கும் இசியுவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு அளவைக் குறைத்துச் சொல்கிறது. உள்ளே பூஸ்ட் 1.2 பார் இருந்தால் 1.0 என்கிறது. பூஸ்ட் போதவில்லை என்று இசியு, டர்போவைத் தவிர்த்துப் புகையை வெளியே விடும் வால்வான வேஸ்ட்கேட்டை மூடி டர்போவை இன்னும் சுற்றவிடுகிறது. பவர் வரத்தான் செய்யும். ஆனால் பிளக் எப்போது பொறி விடவேண்டும் என்ற இக்னிஷன் டைமிங்கையும் இசியு அதே பொய்க் கணக்கில்தான் போடுகிறது. 1.0 பாருக்கான டைமிங்கில் 1.2 பார் காற்று எரிகிறது, நாக்கிங் வருகிறது, அதாவது பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடித்துத் தட்டுகிறது. நாக் சென்சார் பார்த்துக்கொள்ளாதா? அது தட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். அதற்குள் பிஸ்டன் அடி வாங்கியிருக்கும். "கம்பெனி பாதுகாப்பெல்லாம் அப்படியே இருக்கு, வேண்டாம்னா கழட்டிடலாம்" என்று சொல்லி விற்கிறார்களே, பொய் அளவை வைத்து எந்தப் பாதுகாப்பு ஒழுங்காக வேலை செய்யும்?

கியர்பாக்ஸை யாரும் நினைப்பதே இல்லை. இசியு சொல்லும் டார்க்கை (எஞ்சினின் சுழற்றும் விசை) பார்த்துத்தான் அது கிளட்சை இறுக்கிப் பிடிக்கிறது. குறைத்துச் சொன்னால் பிடி தளரும், கிளட்ச் வழுக்கித் தேயும். ஃபோக்ஸ்வாகனின் டிகியூ200 டிரை கிளட்ச் கியர்பாக்ஸுக்கு வரம்பே 250 நியூட்டன் மீட்டர்தான்.

வண்டியைச் சோதிக்கும் கருவி செருகும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டும் மலிவு சிப்? பலவற்றில் விளக்கு மினுக்கும் சர்க்யூட்டைத் தவிர உள்ளே ஒன்றுமில்லை. காசு தண்டம்.

தினமும் ஓட்டும் காரில் பவர் கூட்டியே ஆகவேண்டும் என்றால் ரீமேப் செய்யுங்கள். பூஸ்ட், டைமிங், டார்க் வரம்பு எல்லாம் இசியுவுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று பொருந்தி மாறும். கியர்பாக்ஸுக்கும் உண்மையான கணக்கு போகும். ஆனால் ஐரோப்பாவில் 98 ஆக்டேனுக்கு (பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் அளவு) எழுதிய ஃபைலை அப்படியே ஏற்றுபவரிடம் போகாதீர்கள். நம் பங்குகளில் சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் அதைவிடக் குறைவு. அதோடு மே மாத வெயிலில் இன்டேக் காற்றின் சூடு வேறு. எந்த ஆக்டேனுக்கு எழுதிய ஃபைல் என்று முதலில் கேளுங்கள். அதைவிடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோலைப் போட்டுக்கொண்டு மிதிக்காதீர்கள். ரோட்டில் ஓட்டி எடுத்த லாக்கையும் (சென்சார் அளவுகளின் பதிவு) கேட்டு வாங்குங்கள்: ஒவ்வொரு சிலிண்டரிலும் டைமிங் எத்தனை டிகிரி பின்வாங்குகிறது, காற்றின் சூடு எவ்வளவு, காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் லாம்ப்டா எவ்வளவு. லாக் தர மறுப்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

கம்பெனி இசியுவுக்குப் பதிலாக மாட்டும் மோட்டெக், ஹால்டெக் போன்ற தனி இசியுக்கள் கோவை செட்டிபாளையம் டிராக்கில் ஓடும் ரேஸ் வண்டிக்கு. ரோடு காரில் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர், ஏபிஎஸ், மீட்டர் எல்லாவற்றோடும் மல்லுக்கட்ட வேண்டிவரும்.

ரீமேப்புக்கு முன் பிளக்கை மாற்றுங்கள். எஞ்சின் ஆயில் ஏபிஐ எஸ்பி என்ற தரமாக இருக்கட்டும். டாப் கியரில் 1500 ஆர்பிஎம்மில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்காதீர்கள். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ எஞ்சின்களில் பிஸ்டன் உடைவதற்கு அதுவும் ஒரு காரணம். சத்தத்துக்காக, புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றவே கழற்றாதீர்கள். ரீமேப் செய்தால் எஞ்சின் வாரண்டியை மறந்துவிடுங்கள். ஃபோக்ஸ்வாகன் குழும வண்டி என்றால் சர்வீஸ் பதிவிலேயே டிடி1 (டியூன் செய்த வண்டி என்பதற்கான குறி) என்று குறித்துவிடுவார்கள். இன்சூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வண்டியை மாற்றியமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவையும் ஒருமுறை படித்துவிடுங்கள். இதெல்லாம் தலைவலி என்று தோன்றினால் கம்பெனி செட்டிங்கிலேயே ஓட்டுங்கள், தயவுசெய்து.

ஏற்கெனவே பாக்ஸ் மாட்டியிருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள். அப்படியே பிளக்குகளையும் கழற்றி மெக்கானிக்கிடம் காட்டி, ஒரு கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.