கைவந்த கலை எங்கிருந்து வந்தது?

எங்கள் தெருமுனைக் கோயில் வாசலில் பூ விற்கும் அக்கா மல்லிகை கட்டும்போது கையைப் பார்ப்பதே இல்லை. இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு பூ, நாரில் ஒரு சுற்று, ஒரு இழுப்பு. வாய் மட்டும் யார் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றியோ பேசிக்கொண்டிருக்கும். ஒருநாள், "கொஞ்சம் மெதுவாகக் கட்டுங்கள் அக்கா, நார் எப்படிச் சுற்றுகிறது என்று பார்க்கிறேன்" என்று கேட்டேன். விரல்கள் தடுமாறி இரண்டு கண்ணிகள் அவிழ்ந்துவிட்டன. "போ தம்பி, யோசித்தால் வராது. கை அதுபாட்டுக்குப் போகும்" என்றார்.

நரம்பியல் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். புதிய வேலை ஒன்றைப் பழகும்போது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி ஒவ்வோர் அசைவையும் மேற்பார்வை பார்க்கிறது. ஆயிரக்கணக்கான தடவை செய்தபின் தனித்தனி அசைவுகள் கோத்த பூவைப் போல ஒரே சரமாகிவிடுகின்றன. அந்தச் சரத்தை ஓட்டும் பொறுப்பில் பெரும்பங்கு சிறுமூளைக்கும், பெருமூளையின் ஆழத்தில் புதைந்திருக்கும் நரம்பணுத் திரள்களுக்கும் போய்விடுகிறது. நடுவில் கவனம் மூக்கை நுழைத்தால் சரம் அறுகிறது. தேர்ந்த கோல்ஃப் ஆட்டக்காரர்களைத் தங்கள் அடியைத் தாங்களே கவனிக்கச் சொன்ன சோதனைகளில் ஆட்டம் கெட்டது. புதியவர்களுக்கோ, கவனித்தால்தான் பந்து ஒழுங்காகப் போனது.

கைதேர்ந்தவர், கைத்திறன், கைப்பக்குவம், கைவந்த கலை என்று திறமைக்கான நம் சொற்களில் பல கையிலிருந்தே பிறக்கின்றன. (கைராசி வேறு கதை, அதில் திறமையோடு அதிர்ஷ்டமும் பங்குக்கு வருகிறது.) வெறும் அலங்காரம் என்று இவற்றைத் தள்ளிவிட முடியாது. கைக்கு என்று தனி நினைவு இருப்பதை மருத்துவ உலகத்துக்குக் காட்டியவர் ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கர். வலிப்பு நோய்க்காக 1953-இல் அவருடைய மூளையின் இருபுறமும், புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்தபடி அதன் விளிம்பில் பென்சிலை ஓட்டச் சொன்னார். முயன்று பாருங்கள், கை எதிர்த்திசையில் இழுக்கும். மூன்று நாள் பயிற்சியில் மொலேசனின் கோடு நேராகிவிட்டது. ஆனால் அந்தப் படத்தை முன்பு வரைந்ததாகவே அவருக்கு நினைவில்லை. மனம் மறந்ததைக் கை மறக்கவில்லை.

மனத்தின் திறமைக்கும் நம்மிடம் அளவுகோல் உண்டு: கற்பூர புத்தி, கரி புத்தி, வாழைமட்டை புத்தி. சொன்னவுடன் பற்றிக்கொள்வது ஒன்று, ஊதி ஊதிப் பற்ற வைப்பது இன்னொன்று, எவ்வளவு ஊதினாலும் புகையோடு நின்றுவிடுவது மூன்றாவது. வகுப்பறையில் இதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தாங்கள் எந்த வகையில் சேர்க்கப்பட்டார்கள் என்பது இன்றைக்கும் நினைவிருக்கும். இந்த உவமையில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு: பற்றுகிற வேகத்தைப் பார்த்து, அது பொருளின் பிறவித் தன்மை என்று முடிவு கட்டிவிடுகிறது.

சதுரங்கத்தில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் 1973-இல் வெளியிட்ட ஆய்வு இது. நிஜமான ஆட்டம் ஒன்றின் நடுநிலையை ஐந்து விநாடி காட்டிவிட்டு மறைத்தார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் சுமார் 16 காய்களைச் சரியான கட்டத்தில் திரும்ப வைத்தார். புதியவரால் நான்கைத்தான் வைக்க முடிந்தது. பிறவி ஞாபகசக்தி என்று சொல்லிவிடலாமே? அடுத்து, காய்களைக் கண்டபடி இறைத்து வைத்துக் காட்டினார்கள். தேர்ந்தவரும் ஏறக்குறைய புதியவரின் நிலைக்கே இறங்கிவிட்டார். அவர் தனித்தனிக் காய்களை அல்ல, பலமுறை பார்த்துப் பழகிய கொத்துகளைத்தான் நினைவில் வைத்திருந்தார். நாம் 'கற்பூர புத்தி' என்கிற சொல்லை எழுத்து எழுத்தாக மனப்பாடம் செய்வதில்லை அல்லவா, அதைப் போல. அவருடைய கற்பூரத்தில் பெரும்பகுதி பல ஆண்டுகள் காய்ந்த விறகு.

'ரத்தத்திலேயே ஊறியது' என்கிறோமே, அதுவும் பெரும்பாலும் காதில் ஊறியதுதான். குலவித்தை கல்லாமலே பாதி வரும் என்பது பழைய பேச்சு. நாதஸ்வரக்காரர் வீட்டுக் குழந்தை தவழும் நாளிலிருந்தே தாளம் கேட்கிறது. யாரும் பாடம் எடுப்பதில்லை. எட்டு மாதக் குழந்தைகளுக்குப் பொருளற்ற அசைகளை இடைவெளி இல்லாமல் இரண்டே நிமிடம் கேட்க வைத்து 1996-இல் ஒரு சோதனை நடந்தது. எந்த அசைக்குப் பின் எந்த அசை வழக்கமாக வருகிறது என்பதை அவை பிடித்துவிட்டன. இரண்டு நிமிடத்துக்கே இப்படி என்றால் பத்து வருடத்துக்கு? தமிழில் இதற்குக் கேள்வி ஞானம் என்று பொருத்தமான பெயரே இருக்கிறது.

பிறவி என்பதே பொய் என்று சொல்ல வரவில்லை. பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மான்டிராண்டா 1964 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றார். சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியின் மரபணுவில் அவருக்கும் அவர் உறவினர் பலருக்கும் ஒரு மாற்றம் இருந்தது பிற்பாடு தெரிந்தது. அதனால் பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்பணுக்கள் அவர்கள் உடலில் இயல்பைவிட மிக அதிகம். அவர் விஷயத்தில் மட்டும் 'ரத்தத்திலேயே' என்பது உவமையே இல்லை. ஆனாலும், அதே மாற்றம் பெற்ற உறவினர் எல்லோரும் பதக்கம் வாங்கிவிடவில்லை.

பயிற்சியால்தான் எல்லாம் என்பவர்களுக்கும் முழு வெற்றி இல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் கணக்கிட்டபோது, இசைத்திறனில் ஒருவருக்கொருவர் காணப்படும் வேறுபாட்டில் சுமார் 21 சதவீதத்தைத்தான் முறையான பயிற்சியைக் கொண்டு விளக்க முடிந்தது. பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் யாரும் மேதையாகலாம் என்று விற்கப்படும் ஆறுதலை நான் நம்புவதில்லை.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. சொல்லே காதை ஏமாற்றுகிறது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் தேர்ந்த இசைக் கலைஞர்களுக்கு இரண்டு பியானோ ஒலித்துண்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். ஒன்று பிறவித் திறமைசாலி வாசித்தது, மற்றொன்று உழைத்து மேலே வந்தவர் வாசித்தது என்று அறிமுகம். உண்மையில் இரண்டையும் வாசித்தவர் ஒருவரே. உழைப்புதான் முக்கியம் என்று வாயால் சொன்ன அந்த நிபுணர்களே, 'பிறவி' என்ற முத்திரை குத்தப்பட்டவருக்கு மதிப்பெண்ணை உயர்த்திப் போட்டார்கள். பரிசு கொடுக்கிறவர், வேலைக்கு ஆள் எடுக்கிறவர், வகுப்பில் முதல் வரிசைக்குப் பிள்ளையைத் தேர்ந்தெடுக்கிறவர் யாரும் இதற்கு விலக்கு என்று தோன்றவில்லை.

ராமானுஜனைப் பற்றிப் பேச்சு வந்தால் 'பிறவி மேதை' என்ற சொல்லோடு முடித்துக்கொள்கிறோம். கும்பகோணத்துத் திண்ணையில் சிலேட்டும் பலப்பமுமாகக் கிடந்த வருடங்கள் அந்தச் சொல்லுக்குள் காணாமல் போகின்றன. பதினாறு வயதில் கைக்குக் கிடைத்த ஒரு தொகுப்பு நூலின் ஆயிரக்கணக்கான சூத்திரங்களைத் தாமே ஒவ்வொன்றாக நிறுவிப் பார்த்தவர் அவர். தாள் வாங்கக் காசு போதாததால் சிலேட்டில் போட்டு, முழங்கையாலேயே அழித்து, மறுபடி போட்டார். அப்படி அழித்தவர்கள் எல்லாம் ராமானுஜன் ஆகிவிடவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அந்த முழங்கை கறுத்திருந்தது.