மூலப்பொருள் விலை ஏறினால் முதலில் தட்டுப்பாடாவது கைப்பணம்

உதிரிபாகம் செய்து கொடுக்கும் நிறுவனங்களுக்கு அடக்க விலைக் கணக்குப் பார்ப்பது என் தொழில். மூலப்பொருள் விலை ஏறியதும் "லாபம் குறைஞ்சுபோச்சு" என்றுதான் எல்லோரும் வருவார்கள். குறைந்த லாபத்தில் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்துவிடலாம். பணப்புழக்கம் நின்றால் ஒரு மாதம்கூடத் தாங்காது.

100-க்கு விற்கும் ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். அதில் உலோகத்துக்கு 60, கூலி, மின்சாரம், வாடகை எல்லாம் சேர்த்து 30, லாபம் 10. உலோகம் 20 சதவீதம் ஏறினால் அந்த 60 இப்போது 72. லாபம் முழுக்கப் போய், ஒவ்வொரு பொருளுக்கும் 2 நட்டம். சரி, வாங்குபவர் நியாயமானவர், கூடுதல் 12-ஐயும் தர ஒப்புக்கொள்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் அது அடுத்த காலாண்டிலிருந்துதான் அமலுக்கு வரும். அதுவரை அனுப்புவதெல்லாம் நட்டக் கணக்குதான்.

இதற்கிடையில் உலோக வியாபாரி கடன் தவணையைச் சுருக்கிவிடுவார். பணத்தை வைத்தால்தான் சரக்கு என்பார். வாங்குபவரோ வழக்கம்போல 60 நாள், 90 நாள் கழித்துத் தருவார். வங்கி கொடுத்திருக்கும் கடன் வரம்பு தொகைக்குத்தான், டன்னுக்கு இல்லை. அதே வரம்பில் குறைந்த சரக்குதான் வாங்க முடியும். ஆர்டர் கையில் இருந்தும் எந்திரம் சும்மா நிற்பது இப்படித்தான்.

கணக்குப் புத்தகமும் இந்த நேரத்தில் ஏமாற்றும். பழைய விலைக்கு வாங்கிய இருப்பில் செய்த பொருளைப் புது விலைக்கு விற்கும்போது லாபம் கூடியதுபோலத் தெரியும். அதை நம்பிப் பணத்தை வெளியே எடுத்துவிடாதீர்கள். அடுத்த லோடு வாங்க அது வேண்டும்.

"ஒப்பந்தத்தில் விலை மாற்றப் பிரிவு இருக்கிறதே" என்பார்கள். உலோக விலை மாறினால் பாகத்தின் விலையையும் மாற்றலாம் என்கிற பிரிவு அது. நான் முதலில் பார்ப்பது அதில் எந்த எடை எழுதியிருக்கிறது என்பதை. 1 கிலோ பாகம் செய்ய 1.4 கிலோ உலோகம் தேவை என்றால், கிலோவுக்கு 10 ஏறும்போது செலவு 14 கூடுகிறது. செய்து முடித்த எடைக்குத்தான் ஈடு என்றால் வருவது 10. மீதி 0.4 கிலோ ஸ்கிராப்பாகப் போகும். அதன் விலை உலோகத்துக்குச் சமமாக ஏறுவது அரிது.

அப்புறம், ஈட்டைக் கணக்கிட எந்தச் சந்தையின் விலை, எந்த மாதச் சராசரி என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். 2022 மார்ச் 8 அன்று லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் டன் 1 லட்சம் டாலரைத் தாண்டியது. சந்தை வணிகத்தை நிறுத்தி, அன்று நடந்த நிக்கல் பேரங்களையும் ரத்து செய்தது. மறுபடி வணிகம் தொடங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. கணக்குக்கு அடிப்படையான அந்தச் சந்தை விலையே இல்லாத நாளில் எதை வைத்து பில் போடுவது என்று உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதா, பாருங்கள்.

கொள்முதல் பிரிவில் இருப்பவர்களுக்கும் ஒன்று. "ஒரு பைசா ஏற்ற மாட்டேன்" என்று மடக்கிவிட்டால் சப்ளையர் வேறு வழி தேடுவார். கருவிகளின் பராமரிப்பைத் தள்ளிப்போடுவார், நல்ல விலை தருபவருக்கு முதலில் அனுப்புவார், சிலர் தரத்திலேயே கை வைப்பார்கள். விலையை ஏற்ற முடியாவிட்டால் 60 நாள் தவணையை 30 ஆக்குங்கள். இல்லையென்றால் உலோகத்தை நீங்களே மொத்தமாக வாங்கிக் கொடுத்து, செய்கூலியை மட்டும் தாருங்கள். ஆனால் ஸ்கிராப் யாருக்கு என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். சண்டை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.