காலை 7:59க்குக் காலாவதியாகும் சான்றிதழ்

2026 மார்ச் 15 முதல் வழங்கப்படும், உலாவிகள் ஏற்கும் எந்த இணையத்தளச் சான்றிதழும் (தளம் அசல்தான் என்று உலாவிக்குக் காட்டும் டிஜிட்டல் அத்தாட்சி) 200 நாளுக்கு மேல் செல்லாது. 2027 மார்ச் 15இல் அது 100 நாளாகும். 2029 மார்ச் 15இல் 47 நாளாகச் சுருங்கிவிடும். 2026 மார்ச் 15க்கு முன் 398 நாள் வரை கிடைத்தது. சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களும் உலாவி நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவு இது. ரோட் டேக்ஸ் கட்டுவதுபோல வருடத்துக்கு ஒருமுறை ஆளைக் கூப்பிட்டு, பில்லைக் கட்டிவிட்டு மறந்துவிடும் பழக்கம் இனி நடக்காது.

மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்ட ஆபீஸ்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கிளினிக்குகளுக்கும் சர்வர் வேலை பார்த்து வருகிறேன். சம்பளக் கணக்கு, உறுப்பினர் கடன், நோயாளி பதிவு என எல்லாமே இப்போது உலாவியில்தான் ஓடுகின்றன. அடியில் பெரும்பாலும் ஒரு டாம்கேட், அதாவது ஜாவா நிரல்களை இணையத்தில் ஓட்டும் சர்வர் மென்பொருள். யாரோ எப்போதோ நிறுவிவிட்டுப் போனது. அதன் சான்றிதழ் எப்போது முடிகிறது என்று கேட்டால் ஆபீஸில் யாருக்கும் தெரிவதில்லை.

எனக்குப் பெரிய கவலை, காலாவதியான சான்றிதழைவிட, அதற்குப் பிறகு ஆபீஸில் நடப்பது. உலாவி சிவப்பு எச்சரிக்கை காட்டுகிறது. கிராணி (எழுத்தர்) அதைப் படம் பிடித்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடுகிறார். "அது ஒண்ணும் இல்லம்மா, கீழே அட்வான்ஸ்டு அமுக்கி உள்ளே போங்க" என்று பதில் வருகிறது. அன்றைய வேலை நடந்துவிடுகிறது. ஆனால் நாளைக்கே யாராவது நடுவில் புகுந்து போலிப் பக்கத்தைக் காட்டினாலும் ஏறக்குறைய அதே எச்சரிக்கைதான் வரும். கிராணியும் பழகியபடி அமுக்கிவிட்டுக் கடவுச்சொல்லைத் தட்டுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அப்படிச் சொல்லிக்கொடுத்தது நாம்தான். சான்றிதழ், தரவை மறைத்து அனுப்ப உதவுவதோடு, பேசுவது அசல் சர்வர்தான் என்பதற்கும் அதுவே சாட்சி. எச்சரிக்கையைத் தாண்டிப் போகும்போது அந்தச் சாட்சியைத்தான் கைவிடுகிறோம்.

சம்பளக் கணக்கில் தொழிலாளரின் மைகார்ட் (அடையாள அட்டை) எண், வங்கிக் கணக்கு, சேமநிதி எண், அயல்நாட்டுத் தொழிலாளரின் கடப்பிதழ் விவரம் எல்லாம் இருக்கின்றன. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, 2025 ஜூன் 1 முதல் கணிசமான பாதிப்பு தரக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவித்தாக வேண்டும். தோட்டத்து ஆபீஸ்தானே என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள்.

மனிதர் அமுக்கித் தாண்டலாம். இயந்திரத்துக்கு அந்தப் பொத்தானே கிடையாது. ஒரு செம்பனை ஆலையில் நான் பார்த்தது இது. லாரி எடை மேடையில் ஏறியதும் எடையை எழுதி சர்வருக்கு அனுப்பும் சிறு ஜாவா நிரல் அங்கே ஓடுகிறது. ஒரு காலை எட்டு மணிக்கு அது நின்றுவிட்டது. திரையில் "இணைப்பு தோல்வி" என்ற ஒரே வரி. கேட்டுக்கு வெளியே குலை ஏற்றிய லாரிகள் வரிசை கட்டின. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் வேகவைத்துவிடுவது நல்லது. தாமதித்தால் கொழுப்பமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கும். கேபிளையும் ரூட்டரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். காரணம் சான்றிதழில் இருந்தது. கட்டணச் சான்றிதழ்கள் பலவற்றில் முடிவு நேரம் கிரீன்விச் கணக்கில் இரவு 23:59:59 என்று இருக்கும். நமக்கு எட்டு மணி நேரம் கூட்டினால் மறுநாள் காலை 7:59:59. அதாவது சான்றிதழில் 14ஆம் தேதி என்றிருந்தால், நம் ஊரில் 15ஆம் தேதி ஆபீஸ் திறக்கும் நேரத்தில் அது செத்துப்போகும்.

அந்த ஆலையில் சான்றிதழைப் புதுப்பிக்காமலும் இல்லை. புதிய கோப்பு போன வாரமே சர்வரில் ஏறியிருந்தது. டாம்கேட் தொடங்கும்போது சாவிப் பெட்டகத்தை (சான்றிதழும் சர்வரின் ரகசியத் தனிச்சாவியும் இருக்கும் கோப்பு) படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். கோப்பு மாறியதும் தானாகத் திரும்பப் படிக்காது. சான்றிதழை மட்டும் மறுபடி ஏற்றும் வசதி புதிய பதிப்புகளில் உண்டு, இல்லையென்றால் மறுதொடக்கம்தான் வழி. வட்டில் இருக்கும் கோப்பின் தேதியைப் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. வேறொரு கணினியிலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கருவியைக் கொண்டு இணைந்து, சர்வர் உண்மையில் எந்தச் சான்றிதழை நீட்டுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு நிமிட வேலை.

அப்படிப் பார்க்கும்போது இடைநிலைச் சான்றிதழும் (நம் சான்றிதழை உலாவி நம்பும் மூலச் சான்றிதழோடு இணைப்பது) சேர்ந்து வருகிறதா என்பதையும் கவனியுங்கள். "கணினியில் திறக்கிறது, கைப்பேசியில் மட்டும் திறக்கவில்லை" என்று யாராவது சொன்னால் முதலில் நான் சந்தேகப்படுவது இதைத்தான். மேசைக் கணினி உலாவிகள் பல, விடுபட்ட இடைநிலைச் சான்றிதழைத் தாமே தேடி நிரப்பிக்கொள்ளும். ஆண்ட்ராய்டு செயலியும் ஜாவா நிரலும் பொதுவாக அப்படிச் செய்யாது. இன்னொன்று: சாவிப் பெட்டகத்தைக் கையாளும் ஜாவா கருவியான கீடூலில் புதிய சான்றிதழை ஏற்றும்போது, தனிச்சாவி இருக்கும் அதே அலையஸ் பெயரில் ஏற்ற வேண்டும். வேறு பெயர் கொடுத்தால் சாவியோடு சேராமல் தனியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். பிழைச் செய்தியும் வராது.

நான் இப்போது எல்லா இடத்திலும் டாம்கேட்டுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற இணையச் சர்வர் மென்பொருளை நிறுத்தி, சான்றிதழ் வேலையை அதனிடம் ஒப்படைத்துவிடுகிறேன். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் சான்றிதழ் இலவசம். செர்ட்பாட் என்ற நிரல் நாளுக்கு இரண்டு முறை தானே சோதித்து, 90 நாள் சான்றிதழில் சுமார் 30 நாள் மிச்சமிருக்கும்போது புதுப்பித்துவிடும். புதுப்பித்த கையோடு என்ஜின்எக்ஸை மறுபடி ஏற்றச் சொல்லும் கட்டளையையும் அதிலேயே சேர்த்துவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் ஆலையில் நடந்த கதைதான்.

தானியங்கியும் சத்தமில்லாமல் தோற்கும். "பாதுகாப்புக்காக" யாரோ சர்வரின் 80ஆம் போர்ட்டை (இணையத் தொடர்பு நுழையும் வாசல்) மூடிவிடுவார்கள். தளம் நம்முடையதுதானா என்று லெட்ஸ் என்கிரிப்ட் செய்யும் வழக்கமான சரிபார்ப்பு அந்தப் போர்ட் வழியாகத்தான் வருகிறது. வெளியிலிருந்து அணுக முடியாத சர்வர் என்றால் டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியோடு இணைக்கும் ஏற்பாடு) பதிவு வழியே சரிபார்க்கலாம். முன்பு லெட்ஸ் என்கிரிப்ட் நினைவூட்டு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தது; 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. அதனால் தேதியை வெளியிலிருந்து கண்காணித்து எச்சரிக்கும் ஏற்பாடு தனியாக வேண்டும். எச்சரிக்கை ஒருவரின் கைப்பேசிக்கு மட்டும் போகக் கூடாது. அவர் வேலையை விட்டுப் போனால் அதுவும் அவரோடு போய்விடும்.

நம் பக்கத்து இடி மின்னலையும் கணக்கில் எடுக்க வேண்டும். பழைய சர்வரில் மதர்போர்டு பேட்டரி செத்திருந்தால், மின்சாரம் போய் வந்ததும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். அந்தக் கணினி மற்ற சேவைகளோடு பேசும்போது, நல்ல சான்றிதழைக்கூட "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று மறுக்கும். நேர ஒத்திசைவு ஓடுகிறதா என்று பாருங்கள். பேட்டரி சில ரிங்கிட்தான்.

தனிச்சாவியைப் புலனத்தில் அனுப்பச் சொல்பவர்களிடம் நான் கண்டிப்பாக மறுத்துவிடுகிறேன். சாவி சர்வரிலேயே உருவாகி அங்கேயே இருக்க வேண்டும். ஏற்கெனவே எங்காவது போயிருந்தால் அதே சாவியில் சான்றிதழைப் புதுப்பித்துப் பயனில்லை. புதுச் சாவி உருவாக்கி, புதுச் சான்றிதழ் வாங்கி, பழையதை ரத்து செய்யச் சொல்லுங்கள். சாவிப் பெட்டகத்தின் கடவுச்சொல் இன்னும் வழக்கமான தொடக்கச் சொல்லான "சேஞ்ச்இட்" என்றே இருந்தால் அதையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

உங்கள் ஆபீஸுக்கு சர்வர் பார்ப்பவரிடம் இந்த வாரமே கேளுங்கள்: சான்றிதழ் எந்தத் தேதியில், மலேசிய நேரம் எத்தனை மணிக்கு முடிகிறது? யார் கையும் படாமல் புதுப்பிக்கிறதா? கடைசியாக அப்படிப் புதுப்பித்ததை வெளியிலிருந்து யார் பார்த்தார்கள்? கிராணிகளிடம், சிவப்புப் பக்கம் வந்தால் கடவுச்சொல் போடாமல் உடனே கூப்பிடச் சொல்லுங்கள். சம்பள நாளாக இருந்தாலும் சரி, அந்தச் சிவப்புப் பக்கம் மறையும்வரை யாரும் உள்ளே நுழைய வேண்டாம்.