உப்புக்கறைன்னு சொல்றோம், அதுல உப்பே இல்ல

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் ஆனமலை அடிவாரத்துல வாடகைக்கு இருக்கேன், போர் தண்ணிதான். குடி வந்தப்ப பளபளன்னு இருந்த பாத்ரூம் குழாய் ஒரே வருசத்துல விபூதி பூசின மாதிரி ஆயிருச்சு, ஷவர்ல பாதி ஓட்டை அடைச்சு மிச்சம் இருக்குறதுல ஒண்ணு செவுத்தப் பாத்து பீய்ச்சுது ஒண்ணு மூஞ்சியப் பாத்து பீய்ச்சுது. ஹவுஸ் ஓனர் அம்மா வந்து பாத்துட்டு "ஏன் தம்பி, கழுவுறதே இல்லையா"ன்னாங்க. வாரா வாரம் சோப்பு போட்டு நாரு வச்சுத் தேய்க்கிறேன்னு சொன்னா யாரு நம்புவா.

தேய்ச்சா ஏன் போகலன்னு யோசிச்சதுல ஆரம்பிச்சதுதான் இது. நாம இத உப்புக்கறைன்னு சொல்லிப் பழகிட்டோம், உப்புத் தண்ணி படிஞ்சா உப்புக்கறைதானேன்னு. ஆனா உப்புன்னா தண்ணி பட்டதும் கரையணும்ல? ஒரு லிட்டர் தண்ணியில சாப்பாட்டு உப்பு 350 கிராமுக்கு மேலயே கரையும். குழாய்ல ஒட்டியிருக்குறது அந்த உப்பா இருந்தா ஒரு கப்பு தண்ணி ஊத்துனாலே ஓடிப்போயிருக்கும். இது போகலன்னா இது வேற ஆளு. பேரு கால்சியம் கார்பனேட், நம்ம பாசையில சுண்ணாம்புக்கல்லு. சுத்தமான தண்ணி ஒரு லிட்டர்ல இது கரையறது வெறும் 15 மில்லிகிராம் அளவுதான், ஒரு சிட்டிகைல கூட சேத்தி இல்ல. மகால்ல தூணுக்குப் பூசி இறுகிப்போன சுண்ணாம்பும் உங்க குழாய் மூக்குல இருக்குறதும் அடிப்படையில ஒரே பொருள். திருமலை நாயக்கர் 1636ல கட்டின கட்டடம் இன்னும் நிக்கிது, நீங்க தேங்கா நார வச்சு ஞாயித்துக்கிழமை பத்து நிமிசம் தேய்ச்சா போயிருமா?

சரி, கரையவே கரையாதுன்னா அப்புறம் அது தண்ணிக்குள்ள எப்படி வந்துச்சு? இங்கதான் கோலி சோடா ஞாபகம் வச்சுக்கங்க. மழைத்தண்ணி மண்ணுக்குள்ள இறங்குறப்ப வேரும் பாக்டீரியாவும் விடுற கார்பன் டை ஆக்சைட இழுத்துக்கிட்டு லேசா புளிப்பாகுது, அதாவது ரொம்ப ரொம்ப வீக்கான சோடா. அந்தப் புளிப்புத் தண்ணி பாறை இடுக்குல வருசக்கணக்குல ஊறிக் கெடக்குறப்ப பாறையில இருக்குற கால்சியம், மெக்னீசியத்தக் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சு பைகார்பனேட்டா தனக்குள்ள வச்சுக்குது, இந்த பைகார்பனேட்டு நல்லாவே கரையும். அந்த கேஸ் உள்ள இருக்குற வரைக்கும் எல்லாம் சுமுகம். மோட்டர் போட்டு மேல ஏத்துறோம், டேங்க்குல காத்துப்படுது, குழாய்ல சொட்டுது, அதாவது சோடா பாட்டிலத் திறந்தாச்சு. கேஸ் போயிருச்சுன்னா தண்ணியால அந்தக் கால்சியத்தப் புடிச்சு வைக்க முடியாது, கல்லாத் திரும்பி அங்கயே உக்காந்துக்கும். வைகை ஆத்துத் தண்ணியில இந்தத் தொல்லை கம்மி, ஏன்னா அது மலையில பேஞ்ச மழை தரைமேலயே ஓடி வர்றது, பாறைக்குள்ள குடும்பம் நடத்த அதுக்கு நேரம் இல்ல. "நல்ல தண்ணி"ன்னு நம்ம ஆளுங்க நாக்க வச்சே பிரிச்சிருக்காங்க பாருங்க.

குடிதண்ணிக்கான இந்திய தரத்துல கடினத்தன்மை (தண்ணியில கரைஞ்ச கால்சியம், மெக்னீசியத்தக் கல்லாக் கணக்குப் போட்டா வர்ற அளவு) லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற வழியே இல்லன்னா 600 வரைக்கும் போகலாம்னு இருக்கு. சும்மா ஒரு 500ன்னு வச்சு கணக்கு போடுங்க. வாசர் போன குழாய் செகண்டுக்கு ஒரு சொட்டு விடுதுன்னா ஒரு நாளைக்கு 86,400 சொட்டு, இருபது சொட்டு ஒரு மில்லின்னா நாலேகால் லிட்டர், அதுக்குள்ள ரெண்டு கிராம் கல்லு. அம்புட்டும் குழாய்ல ஒட்டாது, முக்கால்வாசி ஓடிரும், ஆனா கொஞ்சூண்டு காஞ்சு நின்னாலும் ஒரு வருசத்துக்குக் கேக்கவா வேணும். அதனால கறைய எடுக்குறதுக்கு முன்னாடி வாசர மாத்துங்க. குளிச்சு முடிச்சதும் குழாய ஒரு பழைய துணியால ஒத்தி எடுத்துட்டா அதுவே பாதி வேலை, காயறதுக்கு சொட்டே இல்லன்னா கல்லு எங்கருந்து வரும்.

நான் சோப்பு போட்டுத் தேய்ச்சேன்ல, அது இன்னும் கேலிக்கூத்து. சோப்பும் கால்சியமும் சேந்தா தண்ணியில கரையாத வெள்ளப் பிசுக்கு ஒண்ணு உருவாகும், போர் தண்ணியில சோப்பு நுரைக்காம திரியறது அதனாலதான். ஆக வாரா வாரம் கறைக்கு மேல நானே ஒரு கோட்டிங் அடிச்சிட்டு இருந்திருக்கேன்.

கல்லக் கரைக்கணும்னா புளிப்புதான் வழி. பூமிக்குள்ள நடந்த அதே வேலைய நாம கொஞ்சம் வேகமா செய்யணும், அவ்வளவுதான். வினிகர் ஊத்துனா நுரை வரும்ல, அந்த நுரை என்னன்னா கல்லுக்குள்ள மாட்டியிருந்த கார்பன் டை ஆக்சைடு வெளிய ஓடுறது. இதுல நிறைய பேரு பண்ற தப்பு, ஊத்திட்டு உடனே தேய்க்க ஆரம்பிக்கிறது. குழாய் சாய்வா இருக்கு, வினிகர் வழிஞ்சு போயிருது, அப்புறம் "வினிகர்லாம் வேஸ்ட்டு"ன்னு ஒரு தீர்ப்பு. 5 சதவீத வினிகர் 100 மில்லி முழுசா வேலை செஞ்சாலும் கரைக்கிறது நாலு கிராம் கல்லுதான், அதுவும் நேரம் எடுத்துத்தான் கரைக்கும். பழைய பனியன் துணிய நனைச்சு குழாயச் சுத்திக் கட்டி ஒரு மணி நேரம் விட்டுருங்க. ஷவருக்கு ஒரு பிளாஸ்டிக் கவர்ல வினிகர ஊத்தி ஷவர் தலை முங்குற மாதிரி ரப்பர் பேண்டு போட்டுத் தொங்க விட்டா போதும். குழாய் வாயில சின்ன வலை ஒண்ணு இருக்கும், அதயும் கழட்டி ஊறப்போடுங்க, தண்ணி மெதுவா வருதுன்னு மோட்டரத் திட்டுறவங்க வீட்ல பாதி அந்த வலைதான் குத்தவாளி. வினிகர் வாடை ஆகாதுன்னா எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், ரெண்டு ஸ்பூன வெந்நீர்ல கலக்கிக்கலாம்.

சைக்கிள்ல கொண்டு வர்ற ஆசிட் பத்தி கேப்பீங்க. நொடியில எடுத்துரும், உண்மைதான். ஆனா அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், குழாய் மேல இருக்குற குரோமியம் பூச்சோட தடிமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு கூட கிடையாது, ஆசிட் அதயும் சேத்துத் தின்னுட்டு கீழ இருக்குற நிக்கல், பித்தளைய வெளிய கொண்டாந்துரும். டைல்ஸ் இடுக்குல இருக்குற சிமெண்ட்டயும் அரிக்கும். மொசைக் தரை, கடப்பாக்கல்லு இருக்குற வீடா இருந்தா வினிகர் கூட வேணாம், மொசைக்ல இருக்குற மார்பிள் சில்லும் கடப்பாவும் அதே சுண்ணாம்புச் சாதிதான், கறைக்கும் தரைக்கும் புளிப்புக்கு வித்தியாசம் தெரியாது. இன்னொண்ணு, இது விளையாட்டு இல்ல: ஆசிட்டயோ வினிகரயோ பிளீச்சிங் பவுடரோட எப்பயும் சேக்காதீங்க, குளோரின் கேஸ் வரும், கதவச் சாத்தின பாத்ரூம்ல உயிருக்கே ஆபத்து.

செங்கல் கலர்ல வர்ற கறை தனிக் கதை, அது இரும்பு. போர்லருந்து வர்றப்ப தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், பக்கெட்டுல புடிச்சு வச்சு கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா மஞ்சளாயிருக்கும், ஏன்னா பூமிக்குள்ள ஆக்சிஜன் இல்லாம கரைஞ்சு கெடந்த இரும்பு மேல வந்து காத்துப்பட்டதும் துருவா மாறுது. இதுக்குப் போயி பிளீச்சிங் போட்டா கறை போறதுக்குப் பதிலா இன்னும் நல்லாப் புடிச்சுக்கும், ஏன்னா பிளீச்சிங் செய்யறதும் அதே ஆக்சிஜன் வேலைதான். எலுமிச்சை உப்பு இங்கயும் கை குடுக்கும், அது இரும்பத் தனக்குள்ள புடிச்சு வச்சு தண்ணியோட இழுத்துட்டுப் போயிரும். அப்பத்தா குத்துவிளக்கப் புளி போட்டு விளக்கும்ல, புளியில இருக்குற டார்டாரிக் ஆசிட்டும் பித்தளைக் கறைய அப்படித்தான் கரைச்சு எடுக்குது.

வினிகர் வச்சும் போகாம கண்ணாடியில மங்கலா ஒண்ணு நிக்கும். அது சிலிக்காவா இருக்கலாம், நம்ம பக்கத்துப் பாறையில அதுக்குப் பஞ்சம் இல்ல, அத நைசா தேய்ச்சுத்தான் எடுக்கணும். அப்புறம் ஆர்.ஓ. மெசின்லருந்து வெளிய விடுற தண்ணிய வீணாக்கக் கூடாதுன்னு பாத்ரூம் கழுவ வச்சுக்கிறாங்க, நல்ல மனசுதான், ஆனா மெசினு வேண்டாம்னு ஒதுக்கின கால்சியம் பூரா அதுலதான் இருக்கு. கக்கூசுக்கு ஊத்தினாலும் குழாய், கண்ணாடிப் பக்கம் கொண்டு போகாதீங்க.

கடைசியா கீசரு. சூடாக்குனா கேஸ் இன்னும் வேகமா ஓடிரும், அதனால கல்லு முதல்ல படியறது ஹீட்டர் கம்பி மேலதான், கம்பி கல்லுக்குள்ள புதைஞ்சு சூடு வெளிய போக வழியில்லாம கருகிப்போகும். எங்க கீசர் போன மாசம் கடகடன்னு சத்தம் போட ஆரம்பிச்சது, பிளம்பர் அண்ணன் கழட்டி ஒரு மக்கு நிறைய வெள்ளச் சில்ல வெளிய கொட்டினாரு. ஒரு சில்ல எடுத்து விரல்ல நசுக்கிப் பாத்துட்டு, "தம்பி, இத வெத்தலைக்குப் போடலாமா?"ன்னாரு. இது சுடாத கல்லுண்ணே, கிட்டத்தட்ட 900 டிகிரியில சுண்ணாம்புக் காளவாசல்ல வச்சு சுட்டு அப்புறம் தண்ணி ஊத்துனாத்தான் வெத்தலச் சுண்ணாம்பு ஆகும்னேன்.

"நம்மூர் காளவாசல் சிக்னல்லயா தம்பி, அங்க அடிக்கிற வெயிலுக்கு வெந்துரும்"னு சொல்லிட்டு மக்கோட வாசலுக்குப் போயி முருங்கை மரத்தடியில கொட்டிட்டு வந்தாரு.