மஞ்சள் தாளில் ஒரு சிவப்புப் பூனை

சாம்பார் சிந்திய வெள்ளைச் சட்டையில் சோப்பைத் தேய்த்ததும் கறை சட்டென்று சிவக்கும், பார்த்திருப்பீர்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இதே சங்கதிதான். நாலைந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட மலிவான பெயிண்ட் எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரு ஸ்பூன் மஞ்சள்தூளைக் கால் டம்ளர் தண்ணீரில் கலந்து, வெள்ளைத் தாளில் பூசிக் காயவிடுங்கள். மஞ்சள் தண்ணீரில் சரியாகக் கரையாமல் அடியில் மண்டும். கலக்கிக் கலக்கிப் பூச வேண்டும். திட்டுத்திட்டாக வந்தால் பாதகமில்லை. காய்ந்த பிறகு, சமையல் சோடா கரைத்த தண்ணீரையும் ஒரு பிரஷ்ஷையும் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். (இந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம்.)

கிண்ணத்தில் வெறும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். தாளில் வைத்தால் செம்பழுப்புக் கோடு! என் மகள் பிரஷ்ஷை முகர்ந்தே பார்த்துவிட்டாள். "சிவப்பு எங்கப்பா ஒளிஞ்சிருந்துச்சு?"

எங்கும் ஒளிந்திருக்கவில்லை. மஞ்சளின் நிறத்துக்குக் காரணம் குர்குமின். வெளிச்சத்தில் உள்ள ஊதாவையும் நீலத்தையும் அது விழுங்கிவிடுவதால், மிச்சம் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. சோடா ஒரு காரம், அதாவது அமிலத்துக்கு எதிரானது. அது பட்டதும் குர்குமின் மூலக்கூறு ஒரு ஹைட்ரஜன் அயனியை இழக்கிறது. அதன் எலக்ட்ரான்களின் அமைப்பு மாறி, பச்சை ஒளியையும் விழுங்கத் தொடங்குகிறது. மிஞ்சுவது சிவப்பு. எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு வைத்தால் அமிலம் அந்த ஹைட்ரஜனைத் திருப்பிக் கொடுக்க, பழையபடி மஞ்சள்.

வரைந்த பூனைக்கு வால் நீண்டுவிட்டது என்று அவள் எலுமிச்சையால் பாதி வாலை அழித்தாள். அதற்குப் பிறகு வீடே சோதனைச்சாலை. மோரைத் தொடும் முன்பே "இது புளிக்குது, சிவக்காது" என்றாள்; சிவக்கவில்லை. துணி சோப்பு கரைத்த தண்ணீர், சோடாவைவிட அழுத்தமான சிவப்பைக் கொடுத்தது. முதலில் ஊகம், பிறகு சோதனை, யாரும் சொல்லித்தரவில்லை.

சுண்ணாம்பை மட்டும் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. படத்தை வெயில் படும் சன்னலிலும் ஒட்டாதீர்கள், குர்குமின் வெளுத்துவிடும். எங்கள் அரைவால் பூனை பீரோ கதவின் உள்பக்கம் இருக்கிறது.