தோப்பில் திரை கட்ட எத்தனை லூமென் வேண்டும்?

கோவில் கொடைக்கு வெள்ளைத் திரை கட்டி விடிய விடியப் படம் போட்ட ஊர்கள் திருநெல்வேலிச் சீமையில் ஏராளம். இப்போது அந்தப் படம் போடும் கருவி ஒரு தோள்பைக்குள் அடங்கிவிட்டது. கோடை விடுமுறைக்கு ஊர் வந்தவர்கள் அம்பாசமுத்திரம் பக்கம் மாந்தோப்பிலோ திசையன்விளை பக்கம் பனைவிளையிலோ கூடாரம் அடித்து இரண்டு நாள் தங்கப் போனால், அரிசி பருப்போடு புரொஜெக்டரையும் எடுத்துப் போகிறார்கள். வாங்கப் போகும்போதுதான் குழப்பம். "அண்ணாச்சி, இது 9000 லூமென்ஸ், பகல்லயே பளிச்சுன்னு தெரியும்" என்று கடைக்காரர் உள்ளங்கை அளவு பெட்டி ஒன்றை நீட்டுவார்.

ஒளியின் அளவைச் சொல்லும் அந்த 9000 லூமென் நடக்கிற காரியமா என்று முதலில் பார்ப்போம். நல்ல வெள்ளை எல்இடி ஒரு வாட் மின்சாரத்துக்குத் தோராயமாக 100 முதல் 150 லூமென் ஒளி தரும். மலிவான புரொஜெக்டருக்குள் அந்த ஒளியில் ஆறில் ஒரு பங்குகூட முழுதாக வெளியே வராது; ஏன் என்று பிறகு சொல்கிறேன். அப்படியானால் திரையில் 9000 லூமென் விழ, உள்ளே 54,000 லூமென் பிறக்க வேண்டும். அதற்கு 360 வாட்டுக்குக் குறையாமல் மின்சாரம் வேண்டும். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 40 வாட் என்றோ 50 வாட் என்றோ இருக்கும். கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

சரி, உண்மையில் எவ்வளவு போதும்? லூமென் என்பது கருவியிலிருந்து புறப்படும் மொத்த ஒளி. கண்ணுக்கு வேண்டியது லக்ஸ், அதாவது ஒரு சதுர மீட்டர் திரையில் விழும் லூமென். மடையில் வரும் தண்ணீர் எவ்வளவு என்பது லூமென்; அது வயலில் எத்தனை விரற்கடை நிற்கிறது என்பது லக்ஸ். தாமிரபரணிக் கால்வாயில் அதே தண்ணீரை நாலு மடங்கு வயலுக்குத் திருப்பினால் என்ன ஆகுமோ, அதுதான் திரையைப் பெரிதாக்கும்போதும் ஆகிறது.

ஒரு எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் மிச்சத்தை மனக்கணக்காகவே போடலாம். இப்போதைய அகலத்திரை வடிவத்தில் 60 அங்குலத் திரையின் பரப்பு ஏறக்குறைய சரியாக ஒரு சதுர மீட்டர். அகலம் 133 சென்டிமீட்டர், உயரம் 75. அங்குலத்தை இரட்டிப்பாக்கி 120 ஆக்கினால் பரப்பு நாலு சதுர மீட்டர். இடையில் 80 அங்குலம் ஒன்றே முக்கால், 100 அங்குலம் இரண்டே முக்கால். சினிமா தியேட்டர்களுக்கான தரத்தில் திரையின் பிரகாசம் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. சாதாரண வெள்ளைத் திரையில் அதைக் கொண்டுவரச் சுமார் 150 லக்ஸ் விழ வேண்டும். ஆக, தியேட்டர் மாதிரி பார்க்க 60 அங்குலத்துக்கு 150 லூமென், 80 அங்குலத்துக்கு 270, 120 அங்குலத்துக்கு 600. இவை உண்மையான லூமென்களாக இருக்க வேண்டும்.

நல்ல இருட்டில் இதில் பாதி கிடைத்தாலும் படம் நன்றாகவே இருக்கும். நம் கண் ஒளியை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. இருட்டறையில் ஒரு வெளிச்சம் இரண்டு மடங்காகத் தோன்ற, ஒளியைச் சுமார் எட்டு மடங்கு கூட்ட வேண்டியிருக்கும். அதனால் 250 லூமெனுக்கும் 300 லூமெனுக்கும் இடையே அதிக விலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

உண்மையான லூமெனை அளக்க ஒரு முறை இருக்கிறது. ஆன்சி லூமென் என்று பெட்டியில் போட்டிருப்பது இதைத்தான். அமெரிக்கத் தர நிறுவனம் 1992-ல் வகுத்த முறை: திரையை மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் லக்ஸ் அளந்து, சராசரி எடுத்துப் பரப்பால் பெருக்க வேண்டும். இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் முன்பக்கம் மேல் ஓரத்தில் ஒளி உணரி இருக்கிறது. லக்ஸ் காட்டும் இலவச ஆப்கள் உண்டு. இரவில் அறையை இருட்டாக்கி, சுவரில் சரியாக 133 சென்டிமீட்டர் அகலத்துக்குப் படம் விழும்படி கருவியை நகர்த்துங்கள். முழு வெள்ளைப் படம் ஒன்றை ஓட விடுங்கள். போனின் முகம் புரொஜெக்டரைப் பார்க்க, முதுகைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, உங்கள் நிழல் விழாமல் ஒதுங்கி நின்று, ஒன்பது இடத்திலும் அளந்து எழுதுங்கள். உதாரணத்துக்கு நடுவில் 180, அதைச் சுற்றிய நாலு பக்கங்களிலும் 140, நாலு மூலைகளிலும் 95 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 1120, ஒன்பதால் வகுத்தால் 124. பரப்பு ஒரு சதுர மீட்டர் என்பதால் பெருக்க வேண்டியதில்லை. கருவி சுமார் 124 லூமென் தருகிறது. போன் உணரி ஆய்வகக் கருவி அல்ல, கொஞ்சம் முன்னே பின்னே காட்டும். ஆனால் 124-ஐ 9000 என்று ஒருபோதும் காட்டாது. மூலைகளில் எவ்வளவு மங்குகிறது என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். நடுவில் மட்டும் பளிச்சென்று இருக்கும் கருவியைப் பார்த்துப் பலர் ஏமாறுவது இங்கேதான்.

அப்புறம், உள்ளே என்ன நடக்கிறது? மலிவுக் கருவிகளில் பெரும்பாலும் படத்தை உருவாக்க ஒரேயொரு எல்சிடி தகடுதான் இருக்கும். பின்னால் வெள்ளை எல்இடி, முன்னால் லென்ஸ். எல்சிடி வேலை செய்ய ஒளி ஒரே திசையில் அதிர வேண்டும். அதற்கான வடிகட்டி ஒளியில் பாதியை விழுங்கும். பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் சிவப்பு, பச்சை, நீலம் என்று வண்ண வடிகட்டிகள். சிவப்பு வடிகட்டி மற்ற இரண்டையும் தடுக்கும், அதாவது மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். பாதியில் மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று. மேலே சொன்ன கணக்கு இதுதான். விழுங்கப்பட்ட ஒளி வெப்பமாகிறது. அதைத் தணிக்க விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஒளிப்பாதை மூடப்படாத கருவியில் அந்தக் காற்றோடு தூசியும் வந்து தகட்டில் படியும். தேரிமணல் பறக்கும் ஊர்களில் ஒரு கோடையிலேயே படத்தில் புள்ளிகள் வந்துவிடலாம். ஒளிப்பாதை மூடியிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கையடக்கக் கருவிகளில் இன்னொரு வகை டிஎல்பி. இதன் இதயம் ஒரு சிறிய சில்லு. அதன் மேல் லட்சக்கணக்கான நுண்கண்ணாடிகள். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கண்ணாடிகள் வரிசையாக நிற்கும் அளவுக்குச் சிறியவை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் 1987-ல் இதைக் கண்டுபிடித்தார். 2015-ல் இதற்காகவே அவருக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள். ஒவ்வொரு கண்ணாடியும் படத்தின் ஒரு புள்ளி. ஒரு பக்கம் சாய்ந்தால் ஒளி லென்ஸ் வழியாகத் திரைக்குப் போகும்; மறுபக்கம் சாய்ந்தால் உள்ளேயே ஒரு கறுப்புச் சுவரில் மோதி அடங்கும். இடைநிலை கிடையாது. பிறகு சாம்பல் நிறம் எப்படி வருகிறது? கண்ணாடி நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அப்படியும் இப்படியும் சாய்கிறது. எவ்வளவு நேரம் திரைப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அவ்வளவு வெளிச்சம் என்று கண் கூட்டிக்கொள்கிறது. நிறமும் அப்படியே: சிவப்பு, பச்சை, நீல எல்இடிகள் மாறி மாறி மின்ன, மூன்று படங்களையும் ஒன்றாகச் சேர்ப்பது நம் கண்ணும் மூளையும்தான். தலையைச் சட்டென்று திருப்பும்போது சிலருக்கு வானவில் கீற்று தெரிவது இதனால். வண்ண வடிகட்டியும் அதிர்வு வடிகட்டியும் இல்லாததால் ஒளி வீணாவது குறைவு. பேட்டரியில் ஓடும் கருவிக்கு எல்சிடியைவிட டிஎல்பியே மேல் என்று நான் சொல்வது இதற்காகத்தான். அதிலும் சொந்தத் தெளிவு, அதாவது சில்லில் உண்மையாக இருக்கும் புள்ளிகள், எவ்வளவு என்று பாருங்கள். "1080 ஓடும்" என்று போட்டிருக்கும், உள்ளே சில்லில் 854-க்கு 480 கண்ணாடிகள்தான் இருக்கும்.

புரொஜெக்டரால் செய்யவே முடியாத ஒன்று கறுப்பு. ஒளியைத்தான் வீச முடியும், இருட்டை வீச முடியாது. படத்தில் இரவுக்காட்சி எவ்வளவு கறுப்பு என்பதை முடிவு செய்வது திரைமேல் விழும் வேறு வெளிச்சம். 100 லக்ஸ் விழும் திரையில் பக்கத்துத் தெருவிளக்கு 10 லக்ஸ் சேர்த்தால் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் பத்து, பதினொன்றுதான். முகங்கள் எல்லாம் வெளிறிப்போகும். அதே திரையில் பௌர்ணமி நிலா 0.2 லக்ஸ் போட்டாலும் விகிதம் 500. நிலாவுக்குப் பயப்பட வேண்டாம், தெருவிளக்குக்குப் பயப்படுங்கள். இரண்டாயிரம் ரூபாய் கூடக் கொடுத்து வாங்கும் லூமெனைவிட, ரோட்டிலிருந்து இருநூறு அடி உள்ளே தள்ளித் திரை கட்டுவது அதிகப் பலன் தரும்.

இருட்டு விஷயத்தில் நமக்கு ஒரு கொடுப்பினை உண்டு. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், 8.7 பாகை வடக்கில் இருக்கிறோம். சூரியன் சாய்வாக இல்லாமல் கிட்டத்தட்ட நேராக இறங்குவதால் அந்தி சீக்கிரம் முடிகிறது. மறைந்த இருபது நிமிடத்துக்குள் சில நூறு லக்ஸ் வெளிச்சம் மூன்று, நான்கு லக்ஸாகக் குறைந்துவிடும். முக்கால் மணியில் முழு இருட்டு. லண்டனில் ஜூன் மாதத்தில் நம் முதல் இருபது நிமிட இருட்டு வரவே முக்கால் மணி ஆகும். ஆடியில் ஆறு நாற்பதுக்குச் சூரியன் மறைந்தால் ஏழரைக்குப் படம் போடலாம். ஒன்று, மலையடிவாரத்தில் பொதிகைக்குப் பின்னால் சூரியன் சீக்கிரமே போய்விடும், அதை நம்பி அவசரப்படக் கூடாது. வானம் வெளுப்பாகவே இருக்கும். முன்னதாக ஆரம்பிக்க வேண்டுமென்றால் திரையின் முகத்தைக் கிழக்கே வையுங்கள். கிழக்கு வானம்தான் முதலில் கறுக்கும்.

திரைக்கு ஒற்றை வேட்டி போதாது. நூலிடை வழியே ஒளியில் கணிசமான பங்கு பின்னால் போய்விடும். தோல்பாவைக் கூத்துக்காரர்கள் அந்தக் குணத்தைத்தான் பயன்படுத்தினார்கள், விளக்கைத் திரைக்குப் பின்னால் வைத்து. புரொஜெக்டரையும் அப்படிப் பின்னால் வைக்கலாம். படத்தை இடவலமாகத் திருப்பும் வசதி பெரும்பாலான கருவிகளில் இருக்கிறது. முன்னாலிருந்து போடுவதானால் துணியை இரண்டாக மடியுங்கள். எல்லாவற்றையும்விட நல்லது சுண்ணாம்பு அடித்த பம்புசெட் அறைச் சுவர். ஒளி ஊடுருவாது, பளபளப்பு இல்லாததால் எல்லாப் பக்கமும் சமமாகச் சிதறும், ஓரத்தில் உட்கார்ந்த ஆச்சிக்கும் அதே பிரகாசம். காற்றுக்கும் அசையாது. (அந்த அறையின் விவசாய இலவச மின்சாரத்தில் செருக வேண்டாம், அது வேறு காரியத்துக்குக் கூடாது.)

காற்றைச் சாதாரணமாக நினைக்க முடியாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் மேல்காற்றுதான் பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிறது. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் அது 120 அங்குலத் திரையில் நேராக மோதினால் கயிறு தாங்க வேண்டியது 25 கிலோவுக்கும் மேல். வேகம் பாதியானால் விசை காலாகிவிடும். அந்த மாதங்களில் திரையைக் காற்றுக்கு ஓரம் காட்டிக் கிழக்கு மேற்காகக் கட்டி, நாலு மூலையையும் இழுத்துக் கட்டுங்கள்.

பேட்டரிக்கு வாட் அவர் பாருங்கள், மில்லி ஆம்பியர் அவரை விடுங்கள். 20,000 மில்லி ஆம்பியர் அவர் பவர் பேங்க் என்றால் 20 ஆம்பியர் அவர்; அதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட் அவர். மாற்றத்தில் போவது போக 60 சொச்சம் கிடைக்கும். 30 வாட் கருவி அதில் இரண்டு மணி நேரம் ஓடும். நம் படங்கள் இரண்டரை மணி, இடைவேளைக்குப் பிறகு நின்றுபோனால் பிள்ளைகள் விட மாட்டார்கள். பல கருவிகள் பேட்டரியில் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் லூமெனையும் பேட்டரியில் ஓடும்போதே அளந்து பாருங்கள்.

பூச்சி வரும். ஒளியை நோக்கி அவை வருவதாகத் தோன்றினாலும், 2024-ல் வெளியான ஓர் ஆய்வு வேறு காரணம் சொல்கிறது: பறக்கும் பூச்சி தன் முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக்கொள்ளும், வானம்தான் வெளிச்சம் என்று பழகிய உடம்பு, விளக்கருகே திசை தடுமாறிச் சுற்றுகிறது. மழை விட்ட மறுநாள் ஈசல் கிளம்பும் மாலையில் படத்தை ஒத்திப்போடுவதே நல்லது.

சத்தத்துக்குச் சுவர் இல்லாத வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். கருவியின் சின்ன ஸ்பீக்கர் அங்கே எடுபடாது. தனி ஸ்பீக்கரைத் திரைக்குக் கீழே வைத்து, வயரில் இணையுங்கள். புளூடூத்தில் உதடும் வசனமும் ஒத்துவராமல் போகலாம். ஆனால் ஒலி வெகுதூரம் போகும், அதில் கவனம் தேவை. இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்று மேலே இருப்பதைவிடக் குளிர்ச்சியாகிவிடுவதால், மேலே போகும் ஒலி வளைந்து மறுபடி தரைக்கு வரும். மூன்று மைல் தள்ளி நடக்கும் கொடையின் மைக் சத்தம் நடுராத்திரி நம் வாசலில் கேட்பது இப்படித்தான். பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குச் சட்டமும் இடம் தரவில்லை. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் இருக்கும் தோப்பென்றால் பத்து மணி வரைகூட வேண்டாம். மிளாவும் கரடியும் இரை தேடி இறங்கும் நேரம் அது, அங்கே திரையும் ஸ்பீக்கரும் இல்லாமல் இருப்பதே சரி.